பலகைக்கு வெளியே பசித்திருந்த மிஸி லில்லி அவர்களுக்கு

பெடாஸ், மெரந்தித் தோட்ட மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி லில்லி யாகப்பன் அவர்களுக்கு, தோட்டப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

காய்ச்சல் கண்ட நெற்றிகளைக் கையாலேயே அளந்தவரே! கசக்கும் மருந்தையும் கதை சொல்லிக் குடிக்க வைத்தவரே! பால்மரக் காட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பாருக்கு முதலில் காட்டிய பாசக் கரமே! சதுரங்கத்தில் ஒரு சிப்பாயைக்கூடச் சரியாக நகர்த்தத் தெரியாமலேயே எங்கள் சதுரங்கக் குழுவுக்குச் சுழற்கிண்ணம் வாங்கித் தந்த சூத்திரதாரியே! எங்கள் மிஸியே! வணக்கம்.

ஓய்வு பெறுகிறவரின் குணங்களை வரிசையாக அடுக்குவது இத்தகைய மடல்களின் வழக்கம். நாங்களும் அடுக்கிப் பார்த்தோம். பொறுமை என்று எழுதினோம். மருந்து குடிக்காதவர்களை நீங்கள் லயத்து வீட்டு வாசல்வரை துரத்தியது நினைவுக்கு வந்தது. இன்சொல் என்று எழுதினோம்; அருகில் இருந்த அலுவலகத் தலைமை எழுத்தர், நம் பெரிய கிராணி முருகையா வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஆகவே அடுக்குவதை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்ல முடிவு செய்தோம்.

அதைச் சொல்ல வேண்டியவள் அலுவலகத் தட்டச்சர் நீலாவதி. மேடையில் நின்றால் குரல் உடைந்துவிடும் என்று எங்களிடம் சொல்லி எழுதச் சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் அவள் தங்கை போன்றவள். அதனால் இந்த மடலில் அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறோம்.

எழுபதுகளின் இறுதியில் நம் தோட்டத்தில் சதுரங்கக் குழு தொடங்கியபோது அதில் நான்கு பேர். முருகையா தலைவர். நீலாவதி மட்டும் பெண். மம்பாவில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலேயே அவளுக்கு ஆட்டம் கைவந்துவிட்டது. ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அர்ச்சுனனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு மரப்பெட்டியில் காய்களையும் கொண்டு வந்தவள் அவள்.

சதுரங்கம் மூளை வேலை, மூளைக்குத் தேவை தீனி என்பதே அன்று எங்கள் சித்தாந்தம். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை மங்கம்மா மீன் தலைகளாக வாங்கி வந்து குழம்பு வைப்பார். வல்லாரைச் சாறு, பாதாம், நாட்டுக்கோழி முட்டை எல்லாம் வரும். மூளை வேலை செய்கிறவர்கள் உடம்பை அசைக்கக் கூடாது என்று முருகையா உத்தரவு போட்டார். லயத்திலிருந்து அலுவலகம் வரைக்கும்கூட நால்வருக்கும் லோரி வந்தது. ஆட்டத்தின்போது கட்டிப்பால் கலந்த தேத்தண்ணி, மேசைக்கு மேசை, ஒன்று முடிய ஒன்று.

இதற்கு மேல் விருந்து. போட்டி நடத்தும் தோட்டத்தார் வந்தவர்களுக்கு மதியம் இலை போடுவார்கள். ஆட்டுக்கறி, கோழி, வடை, பாயசம். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடும். வாங்கிக்கொண்டால் நம் கண் சொருகும். காலை ஆட்டத்தில் வென்று மாலை ஆட்டத்தில் தூங்குவது நம் குழுவின் தனிச்சிறப்பாகவே ஆகிவிட்டிருந்தது. ஒரு முறை முருகையா எதிராளியின் குதிரையைக் கையில் பிடித்தபடியே குறட்டை விட்டார். அவரே இதை எழுதச் சொன்னார்.

அந்த ஆண்டு மருந்துப் பெட்டியோடு குழுவுடன் வந்திருந்த நீங்கள், திரும்பும் வேனில் கேட்டீர்கள்: “ஏன் கிராணியாரே, நீங்க ஆடப் போனீங்களா, பந்திக்குப் போனீங்களா?”

“மூளைக்குத் தெம்பு வேணும்லா மிஸி.”

“ரெத்தம் பூரா வயித்துக்கிட்ட நின்னுக்கிட்டு கறிய அரைச்சிக்கிட்டு இருக்கு. மூளைக்கு யாரு போவா, நானா?”

மறுவாரம் லோரி நின்றது. வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு முன்னால், பனி சொட்டும் நேரத்தில், நால்வரும் லயத்திலிருந்து ரப்பர் புகைக்கூடம் இருக்கும் மேடுவரை நடக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, மேட்டில் மூச்சு வாங்காமல். நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார முதுகும் கழுத்தும் ஒத்துழைக்க வேண்டும் என்று பூப்பந்துத் திடலில் அனைவரையும் குனிய வைத்தீர்கள். கால் விரலைத் தொடச் சொன்னால் முருகையா முழங்காலைத் தொட்டுவிட்டு, “இதுவும் கால்தானே மிஸி!” என்றார். காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் அவித்த பயறும். மேசைமேல் தேத்தண்ணிக்குப் பதில் வெறும் தண்ணீர், ஒரு வாழைப்பழம், ஒரு பிடி கச்சான் கடலை. “சீனி ஏறுறப்ப சிங்கம் மாரி இருப்பீங்க, எறங்குறப்ப பூனை. பூனையா இருக்குற நேரம் பார்த்துத்தான் அடிக்கிறான்” என்பது உங்கள் விளக்கம். போட்டிக்கு முந்தின நாள் சீட்டாட்டத்துக்குத் தடை, நேரத்தோடு படுக்கை.

விருந்தையும் நீங்கள்தான் வென்றீர்கள். நேரே அந்தந்தத் தோட்டத்துச் சமையற்கட்டுக்குப் போய், அங்கிருந்த பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி சொன்னீர்கள்: “அக்கா, விருந்த ஆட்டம் முடிஞ்ச பெறகு வைங்கலா. மத்தியானத்துக்குக் கொஞ்சம் சோறு, ஒரு மீனு போதும். தோத்தவனுக்கு ஆறுதலா இருக்கும், ஜெயிச்சவனுக்கும் ருசி தெரியும்.” யாருடைய முகமும் வாடவில்லை. இன்று இந்த வட்டாரத் தோட்டங்கள் எல்லாம் மாலையில்தான் இலை போடுகின்றன. அது யார் தொடங்கிய வழக்கம் என்று பலருக்குத் தெரியாது.

முருகையாவின் இடுப்பு இறங்கியது, குழு ஏறியது. மூவர் தேறினார்கள். நீலாவதி மட்டும் சில நாள் புலியாகவும் சில நாள் நிழலாகவும் ஆடினாள். கையில் இருந்த ஆட்டத்தை மூன்றாவது மணி நேரத்தில் தவறவிடுவாள். விரல் நடுங்கி, ஒரு கட்டம் தள்ளி ராணியை வைப்பாள். வைத்த பிறகு தன் கையையே வேறு யாருடைய கையையோ போலப் பார்ப்பாள்.

அது எந்த நாள்களில் நடக்கிறது என்று முதலில் கவனித்தவர் நீங்கள். கெமாஸில் இறுதிப் போட்டி என்று அறிவித்த வாரம் அவளை மருந்தகத்துக்கு அழைத்து, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தீர்கள். நாள்காட்டியையும் பார்த்தீர்கள்.

“போட்டி அன்னைக்கு சஷ்டி. பச்சைத் தண்ணி பல்லுல படாம இருப்ப, அப்படித்தானே?”

நீலாவதி தலைகுனிந்துகொண்டாள்.

“பாலு பழம் சாப்டலாம்னு சொல்றாங்களே. தண்ணிகூட குடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? கோயில் பண்டாரமா?”

“யாரும் சொல்லல மிஸி. நானா வச்சிக்கிட்டது.”

“அப்ப நீயே டிரஸ்ஸரு, நீயே நோயாளி. நல்லா இருக்குலா கதை.”

நீங்கள் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. திருமணமாகி ஆண்டுகள் ஓடியிருந்தன. அர்ச்சுனன் ஒரு வார்த்தை கடிந்தவரில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், பாசாரில் மீன் வாங்கும் இடத்தில், பேச்சு கடைசியில் அவள் வயிற்றில் வந்துதான் நிற்கும். சஷ்டி விரதத்தை அவள் பிடித்தது பிள்ளைக்காக. ஒவ்வொரு மாதமும் ஏமாந்தபோது, விரதத்தில் இன்னும் கொஞ்சத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டாள். முதலில் பழம் போயிற்று, பிறகு பால், பிறகு தண்ணீர். இனிக் குறைக்க எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் புள்ள இல்லன்னா,” என்று மெல்லச் சொன்னாள், “அந்த ஒரு வாய் தண்ணியத்தான் சாவுற வரைக்கும் நெனச்சிக்கிட்டு இருப்பேன் மிஸி.”

“அப்ப ஆட்டத்த விட்டுடு. அர்ச்சுனன் ஒன்னும் சொல்லாது. கிராணியாருகிட்ட நான் பேசுறேன்.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அதுவும் முடியாது. சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் சில மணி நேரம்தான் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. எதிரில் இருப்பவன் அவளுடைய அடுத்த நகர்வை எண்ணிப் பயப்படுவானே தவிர, அவளுக்காகப் பரிதாபப்பட மாட்டான். இரக்கம் இல்லாத அந்த முகங்கள் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று உங்களிடமும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பட்டையைக் கழற்றாமல், வெகுநேரம் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தீர்கள்.

பிறகு சொன்னீர்கள்: “எங்கண்ணனுக்கு அம்மை போட்டப்ப, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயிலுக்கு நடந்து வர்றேன்னு எங்கம்மா வேண்டிக்கிச்சு. அம்மாவுக்குக் காலு முடியல. எங்கப்பா நடந்தாரு. வேண்டுனது ஒருத்தரு, செலுத்துனது ஒருத்தரு. அன்னம்மா திருப்பியா அனுப்புனாங்க?”

நீலாவதிக்கு விளங்கவில்லை.

“அன்னைக்கு ஒரு நாளு ஒன் விரதத்த எங்கிட்ட குடு புள்ள. நான் இருக்கேன். பச்சைத் தண்ணி இல்லாமதான். நீ கஞ்சி குடிச்சிட்டு போயி ஆடு.”

“ஐயோ! மிஸி, நீங்க வேதக்காரவங்க!”

“பசிக்கு என்னா வேதம்? ஒங்க முருகன் என்னைய யாருன்னு கேட்டா, நீலாவதி அனுப்புன ஆளுன்னு சொல்லிக்கிறேன்.”

அம்மா பிள்ளைக்கு மொட்டை நேர்ந்துகொள்வதும், மனைவிக்காகக் கணவன் காவடி எடுப்பதும் நம்மிடம் உண்டு. ஒருவர் விரதத்தை இன்னொருவர் ஏற்கலாமா என்று நம் மாரியம்மன் கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்திடம் அவள் கேட்டாள். அவர் யோசித்து, “பாரம் தூக்குறவன் மனசாரத் தூக்குனா சாமி தராசு பிடிக்காது” என்றார். அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கெமாஸுக்கு ரயிலேறிய அன்று, தம்பின் நிலையத்தில் நீங்கள் கஞ்சித் தூக்கைத் திறந்து நீட்டியபோது, முதல் மிடறு அவள் தொண்டையில் நின்றது. இறங்குமா, திரும்பிவிடுமா என்று அதுவே தீர்மானிக்கட்டும் என்பதுபோல் அவள் காத்திருந்தாள். இறங்கியது.

அன்று நம் குழு கிண்ணத்தை வெல்ல நீலாவதியின் ஆட்டத்தில் தோல்வி வரக்கூடாது. மற்ற மேசைகள் முடிந்துவிட்டிருந்தன. எதிரில் இருந்தவர் கெமாஸ் ரயில்வேக்காரர், அனுபவசாலி, அவசரப்படாதவர். இரண்டாவது மணி நேரத்தில் அவள் வாழைப்பழத்தை உரித்தாள். மூன்றாவது மணி நேரம் வந்தது. வழக்கமாக விரல் நடுங்கும் நேரம். நடுங்கவில்லை. பலகை முழுவதும், நான்கு மூலைகளும், ஒரே வெளிச்சத்தில் தெரிந்தன. தன் மூளை இவ்வளவு நாளாக மங்கியது அதன் குறையால் அல்ல, வெறும் பசியால்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஏனோ கோபம் வந்தது.

கழுத்தை நிமிர்த்தச் சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே அங்சானா மரத்தடி பெஞ்சியில் நீங்கள் இருந்தீர்கள். நம் ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். யாருக்கோ பழம் நீட்டினீர்கள். உங்களுக்கென்று எதுவும் எடுக்கவில்லை. உதடு வெளுத்து ஒட்டியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் பெஞ்சியின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டீர்கள்.

நீலாவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண்டுக்கணக்காகத் தான் சுமந்த பசி எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. பசியின் உள்ளே இருப்பவளுக்கு அது தெரிய வழியில்லை. இப்போது அது வேறொரு முகத்தில், மரத்தடியில், வெயிலில் உட்கார்ந்திருந்தது. இந்த முகத்தை எந்தத் தெய்வமாவது கேட்டிருக்குமா? தன் முகத்தை மட்டும் கேட்கும் என்று ஏன் நினைத்தாள்?

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வெளியே வந்தாள். மண்டபத்தில் எல்லாரும் திகைத்தார்கள். முருகையா தலையில் கை வைத்தார்.

“மிஸி, என் விரதத்த திருப்பிக் குடுங்க. தண்ணி குடிங்க.”

“கடிகாரம் ஓடுது. உள்ள போ.”

“முடியாது மிஸி. ஒங்களப் பாத்துக்கிட்டு என்னால ஆட முடியாது.”

“அப்ப பாக்காத. தொட்ட காய நகத்தித்தான் ஆகணும், அதான் சட்டம்னு நீதானே எனக்கு சொல்லிக்குடுத்த? தொட்டுட்டேன். இனி நகத்தித்தான் ஆகணும். போ புள்ள!”

அவள் போனாள். ஓடித்தான் போனாள். பெரட்டுக்கு முன்னால் புகைக்கூட மேட்டில் நடந்த கால்கள் அவளை மூச்சு வாங்காமல் கொண்டுபோய் நாற்காலியில் சேர்த்தன. அதன் பிறகு அவள் சன்னல் பக்கம் திரும்பவில்லை. நான்காவது மணி நேரம் முடிகிற வேளையில் ரயில்வேக்காரர் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, கையை நீட்டிச் சமநிலை கேட்டார். அந்தச் சமநிலை போதும் நமக்கு. கிண்ணம் நம்முடையது. முருகையா எழுந்து குதித்து ஆடிய ஆட்டத்தில், முழங்காலைத் தாண்டிக் கால் விரலையே முதன்முதலாகத் தொட்டுவிட்டார்.

மாலையில் ரயில் நிலையக் கடையில் பால் கேட்டாள் நீலாவதி. கட்டிப்பால் கரைத்த வெந்நீர்தான் கிடைத்தது. அந்தி விளக்கு ஏற்றும் நேரத்தில் பிளாட்பாரத்தில் வைத்து அதை உங்கள் கையில் கொடுத்தாள்.

“பாவி! நான் தடை போட்ட பாலாலேயே என் வாய நனைக்கிறியா?” என்றீர்கள். குடித்தீர்கள். ரயில் வரும்வரை உங்கள் தோளில் அவள் சாய்ந்திருந்தாள். விரதம் யாருடைய கணக்கில் சேர்ந்தது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து நீலாவதி சஷ்டியன்று தண்ணீர் குடிக்கிறாள். பாலும் பழமும் சாப்பிடுகிறாள். விரதத்தை விடவில்லை, தன்னைத் தண்டிப்பதை விட்டாள். பிள்ளை வரவில்லை. இதை இந்த மேடையில் மறைக்காமல் வாசிக்கச் சொன்னதும் அவள்தான். அந்த ஒரு வாய்க் கஞ்சியை நினைத்து ஒரு நாளும் தான் வருந்தியதில்லை என்றும், வருந்தாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது மரத்தடியில் அன்று பார்த்த முகம் என்றும் எழுதச் சொன்னாள்.

ஆனால் மிஸி, நீங்கள் மட்டும் நிறுத்தவில்லை. பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் நானே இருந்துகொள்கிறேன் என்று அவள் எத்தனை சொல்லியும், போட்டியும் சஷ்டியும் ஒரே நாளில் வந்தால் நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்துவிடுவீர்கள். கேட்டால், “எனக்கும் முருகனுக்கும் பழக்கமாயிருச்சி” என்பீர்கள். ஊருக்கெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னவர் நீங்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நின்றபடி கடைசியாகச் சாப்பிட்டவரும் நீங்கள்தான். எங்கள் உடம்பைப் பார்த்த உங்களை நாங்கள் பார்க்கத் தவறினோம். போன ஆண்டு உங்களுக்கே சீனி நோய் என்று தெரிந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது.

இன்று உங்களுக்கான பிரிவுபசாரம். உங்கள் பெயரால் நட்புமுறைச் சதுரங்கப் போட்டியும் வைத்திருக்கிறோம். இன்று சஷ்டியும்கூட. ஆகவே, இந்த மடலை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும்: இது வாசிக்கப்படும் நேரத்தில், மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருக்கும் உங்கள் வாயில் தண்ணீர்கூடப் பட்டிருக்காது. காலையில் மங்கம்மா நீட்டிய தேத்தண்ணியை வாங்கி, யாருக்கும் தெரியாமல் நாற்காலிக்கடியில் வைத்திருப்பீர்கள். குனிந்து பார்க்க வேண்டாம், மிஸி. நாங்கள் எடுத்துவிடுவோம்.

நீலாவதி இன்று ஆடவில்லை. எந்தக் காயையும் அவள் தொடவில்லை. தொடாத காயை யாரும் நகர்த்த வேண்டியதில்லை. இன்றைய விரதம் அவளே இருக்கிறாள், நீங்கள் கற்றுக்கொடுத்தபடி, பாலோடும் பழத்தோடும். இனி வரும் சஷ்டிகளும் அவளுடையவை. நீங்கள் வாங்கியதைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெரட்டு மணிக்கு முந்தைய பனியைப்போல உங்கள் நாள்கள் குளிர்ச்சியாக விடியட்டும். புகைக்கூட மேட்டை நீங்கள் மூச்சு வாங்காமல் ஏறும் ஆண்டுகள் இன்னும் பல இருக்கட்டும். உங்கள் அன்னம்மாளும் எங்கள் முருகனும் உங்களைப் பங்குபோட்டுக் காக்கட்டும்.

வழக்கமாக மடல் முடிந்ததும் கைதட்டுவார்கள். இன்று கூட்டத்தாரைக் கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். மேடைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இலை போட்டிருக்கிறது. கொஞ்சம் சோறு, ஒரு மீன், கீரை. பாயசம் இல்லை, அது உங்கள் சட்டம். பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நீலாவதி நிற்கிறாள். நீங்கள் உட்கார்ந்து முதல் வாய் எடுத்த பிறகுதான் இந்தத் தோட்டத்தில் இன்று மற்றவர்களுக்கு இலை விழும்.

எழுந்து வாருங்கள், மிஸி. எங்களுக்கெல்லாம் பசிக்கிறது.

நன்றி மறவாத,
மெரந்தித் தோட்டப் பணியாளர்கள், சதுரங்கக் குழுவினர்
பெடாஸ், நெகிரி செம்பிலான்
கார்த்திகை, 1991